பூச்செடி வெச்சா வரும்... ஆனா தங்காது! விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் பட்டாம்பூச்சி குடியேற என்ன வேணும்?

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில விலங்கு வரையாடு. இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. மாநிலப் பட்டாம்பூச்சி எதுன்னு தெரியுமா? 2019-ல் தமிழக அரசு அறிவித்த அந்தப் பட்டாம்பூச்சியின் பெயர் 'தமிழ் மறவன்'. ஆரஞ்சு நிறச் சிறகு, ஓரத்தில் கறுப்புக் கோடுகள் என்று ஆள் பார்க்க அம்சமாக இருக்கும். மகாராஷ்டிரா 2015-ல் நீல அழகியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அந்த வரிசையில் நாமும் சேர்ந்துகொண்டோம்.

பேர்லயே தமிழ் இருக்கே, நம்ம வீட்டுக்கும் வரும்னு நினைச்சுடாதீங்க. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுவாசி. விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டிலோ, திண்டிவனம் கிடங்கலிலோ மாடி முழுக்கப் பூந்தொட்டி அடுக்கினாலும் தமிழ் மறவன் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

ஆனால், வரக்கூடியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, வெந்தய வரியன், ரோஜா அழகி, கொன்னை வெள்ளையன்... பெயர்களைப் பாருங்க, பாதி நம்ம அடுப்பங்கரையிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் எடுத்த மாதிரியே இருக்கும். இவை சமவெளிக்காரர்கள். வெயிலும் புழுதியும் பழகியவை. 'அப்போ ஏன் எங்க வீட்டுப் பக்கம் முன்ன மாதிரி வர்றதில்லை?' என்று கேட்டால், அதற்கான பதில் உங்கள் வீட்டுத் தொட்டியைவிட, பக்கத்துக் காலி மனையில்தான் இருக்கிறது.

மோட்டலில் யாரும் குடியேற மாட்டார்கள்

'வீட்டிலேயே பட்டர்ஃபிளை கார்டன்' ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பென்டாஸ் வாங்குங்க, லான்டானா வாங்குங்க, ஒரே மாதத்தில் வீடு முழுக்கப் பட்டாம்பூச்சி என்பார்கள். நர்சரிகளிலும் அதே பட்டியல்தான். பொய்யில்லை. அந்தப் பூக்களில் தேன் இருக்கிறது, பட்டாம்பூச்சி வரும், உறிஞ்சும். அப்புறம் போய்விடும்.

தெற்கிலிருந்து சென்னைக்குப் போகிற பஸ் விக்கிரவாண்டிப் பக்கம் ஏதாவது மோட்டலில் பத்து நிமிஷம் நிற்குமே, அது மாதிரிதான் இதுவும். இறங்கி டீ குடிப்போம், ஏறிவிடுவோம். டீ நல்லா இருக்குன்னு யாரும் அங்கேயே வீடு பார்ப்பதில்லை. பட்டாம்பூச்சி குடியேற வேண்டுமானால் முட்டையிட இடம் வேண்டும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்குத் தின்ன இலை வேண்டும். எந்த இலையாக இருந்தாலும் சரி என்று அது போகாது. ஒவ்வொரு வகைக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான். தாய்ப்பூச்சி ஓர் இலையில் வந்து உட்கார்ந்து, முன்னங்கால்களால் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது காலாலேயே ருசி பார்க்கிறது. 'நம்ம பிள்ளைங்க சாப்பிடுற இலைதானா' என்று உறுதி செய்த பிறகுதான் முட்டை வைக்கும்.

பூவுக்குப் பூ தாவும் பட்டாம்பூச்சியை எல்லோருக்கும் பிடிக்கும். இலையைக் கடித்துத் துளையாக்கும் புழுவை யாருக்கும் பிடிக்காது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எட்டாவது சயின்ஸ் புக்கில் படித்ததை, ஸ்பிரே பாட்டிலைக் கையில் எடுக்கும்போது மறந்துவிடுகிறோம்.

லான்டானா பற்றி இன்னொரு விஷயம். நம்ம ஊரில் உண்ணிச்செடி என்று சொல்வார்களே, அதுதான். தேன் விஷயத்தில் அது தாராளம். ஆனால் தமிழகக் காடுகளை ஆக்கிரமித்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளிய அந்நியத் தாவரங்களில் முதல் வரிசையில் இருக்கிறது. இப்படிப்பட்ட தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. காட்டிலிருந்து பிடுங்கும் செடியைக் காசு கொடுத்து மாடிக்கு ஏற்றுவானேன்? தேனுக்கு இட்லிப்பூ போதும். அது தென்னிந்தியாவின் சொந்தச் செடி, எந்த நர்சரியிலும் கிடைக்கும். மருதாணி பூத்தால் அதற்கும் வரும்.

எருக்கம்பூ மாலை வேணும், எருக்கு வேணாம்!

விநாயகர் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலை வாங்காத வீடு குறைவு. மறுநாள் காம்பவுண்ட் ஓரம் ஓர் எருக்கு முளைத்திருந்தால், 'வீட்டுக்கு ஆகாது' என்று முதல் வேலையாக வெட்டிவிடுவார்கள். வெள்ளெருக்கு என்றால் மட்டும் கொஞ்சம் மரியாதை. இந்தச் செடிதான் வெந்தய வரியனின் பிரசவ ஆஸ்பத்திரி.

வெந்தய நிறச் சிறகு, நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. சமவெளியில் ரொம்பச் சாதாரணமாகத் தென்படும் பட்டாம்பூச்சி இது. எருக்கிலையில் முட்டை வைக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு பட்டை போட்ட சட்டை மாதிரி ஒரு புழு வரும். முதுகில் மூன்று ஜோடி மெல்லிய கறுப்புக் கொம்புகள். அது சாப்பிடும் விதமே வேடிக்கை. எருக்கம்பால் பிசுபிசுவென்று ஒட்டும் இல்லையா, அதனால் முதலில் இலை நரம்பைக் கடித்து, பாலை வடியவிட்டு, அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். எருக்கின் நஞ்சைத் தின்று வளர்வதால் இந்தப் பட்டாம்பூச்சி பறவைகளுக்குப் பிடிக்காத இரை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை ஒதுங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு நிதானமாக, ஏதோ ஊர்ப் பெரியவர் வாக்கிங் போகிற மாதிரி தாழப் பறக்கிறது.

அமெரிக்காவில் மோனார்க் பட்டாம்பூச்சிக்காக மில்க்வீட் செடி நடும் இயக்கம் உலகப் பிரபலம். அந்த வீடியோக்களைப் பார்த்து மில்க்வீட் விதை தேடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மோனார்க்கும் நம்ம வெந்தய வரியனும் ஒரே பேரினத்துச் சொந்தங்கள். எருக்கும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம். அதாவது அவர்கள் தேடி நடுவது நமக்குச் சும்மாவே முளைக்கிறது. அங்கேயும் அவர்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. வெளியூர் இனமான வெப்பமண்டல மில்க்வீட் பார்க்க அழகாக இருக்கிறதே என்று தென் மாநிலங்களில் நிறைய நட்டார்கள். அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்க, அதில் மோனார்க்குகளைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி பெருக வழி கிடைத்துவிட்டது. இப்போது 'உள்ளூர் மில்க்வீட் மட்டும் நடுங்க' என்று விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எருக்கு வளர்ப்பதில் ஒரேயொரு எச்சரிக்கை. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஓரமாக, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கிளையை உடைத்தால் கையைக் கழுவிவிடுங்கள்.

அதே வெந்தய வரியன் வேஷத்தில் இன்னொரு பட்டாம்பூச்சியும் திரிகிறது. ஆங்கிலத்தில் டனாய்ட் எக்ஃப்ளை. ஆண் கறுப்பு, சிறகில் ஊதா விளிம்பு கட்டிய வெள்ளை வட்டங்கள். பெண் மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன். உடம்பில் நஞ்சு கிடையாது, பறவையை ஏமாற்றத்தான் இந்த வேஷம். இதன் புழு தின்பது எது தெரியுமா? தொட்டி ஓரத்தில் தானாகப் படரும் பருப்புக்கீரை. பிடுங்கிப் போடாமல் ஒரு தொட்டியில் விட்டுவைத்தால் போதும்.

கறிவேப்பிலையில் ஒரு மாறுவேடப் போட்டி

வேஷம் என்று பேச ஆரம்பித்தால் கறிவேப்பிலை அழகியை விட முடியாது. உங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சையோ இருந்தால் இது ஏற்கெனவே வந்து போயிருக்கலாம். ஆண் கறுப்பு, பின்சிறகில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி, சின்ன வால். பெண் மூன்று விதமாக இருக்கும். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று ரோஜா அழகியைப் போல. மூன்றாவது, சிவப்புடல் அழகியைப் போல. ஒரே தாயின் முட்டையிலிருந்தே வேறு வேறு வேஷத்தில் பெண்கள் வரலாம்.

ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் நிஜமாகவே நஞ்சுள்ளவை. கறிவேப்பிலை அழகி அவற்றின் உடுப்பை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. இந்த வேஷத்தின் சாவி எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் பல வருடங்கள் தேடினார்கள். பெங்களூரு என்.சி.பி.எஸ் விஞ்ஞானி கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்டோரின் ஆய்வு 2014-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. பூச்சிகளின் உடலில் ஆண், பெண் அடையாளங்களைத் தீர்மானிக்கும் டபுள்செக்ஸ் என்ற மரபணுதான் இந்த மூன்று உடுப்புகளையும் மாற்றிப் போடுகிறது என்று அதில் கண்டறிந்தார்கள். உங்கள் சாம்பாருக்கு இலை பறிக்கும் செடியில் நடக்கிற கூத்துக்கு உலக அறிவியல் இதழில் இடம் கிடைத்திருக்கிறது.

சரி, வேஷம் பலிக்க அசல் ஊரில் இருக்க வேண்டும் அல்லவா? ரோஜா அழகியைக் கொத்தி, கசந்து, துப்பிய பறவைதான் அந்த நிறத்தைப் பார்த்து அடுத்த முறை பயப்படும். அசல் குறைந்தால் போலிக்கு மதிப்பு போய்விடும். அசலின் சாப்பாடு எது? ஆடுதின்னாப்பாளை. வரப்பிலும் தரிசிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் சின்னச் செடி. ஆடுகூட வாய் வைக்காது என்பதால் இந்தப் பெயர். அதன் உறவான ஈஸ்வரமூலிக் கொடியையும் இவை தின்னும். இரண்டு செடிகளும் பிளாட் போட ஜே.சி.பி இறங்கினால் முதல் பத்து நிமிஷத்தில் காணாமல் போகிறவை. பார்த்தால் களை மாதிரி இருப்பதால் யாரும் தேடவும் மாட்டார்கள். நீங்கள் கறிவேப்பிலையைப் பாலூட்டி வளர்த்தாலும், கால் கிலோமீட்டர் தள்ளி ஆடுதின்னாப்பாளை அழிந்தால் அதன் பலன் உங்கள் செடியிலும் தெரியும்.

விதையோ கன்றோ கிடைத்தால் தொட்டியில் வளர்க்கலாம். ஆனால், நாட்டு மருந்து என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக வாயில் வைக்காதீர்கள். இதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது என்று உறுதியாகியிருக்கிறது. பட்டாம்பூச்சிக்கு மட்டும் அது அமிர்தம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொன்றையும் ஆவாரையும் கொன்னை வெள்ளையனுக்கு. ஆமணக்கு இலையில் காஸ்டர் என்ற பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். திண்டிவனம் என்றாலே விவசாயிகளுக்கு எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம்தான் ஞாபகம் வரும். டி.எம்.வி-7 நிலக்கடலையில் உள்ள 'டி.எம்.வி' திண்டிவனம்தான். அந்த நிலக்கடலை வயலைச் சுற்றி, புழுக்களை இழுத்துக்கொள்ளும் பொறிப்பயிராக ஆமணக்கு விதைப்பது வேளாண் துறை சொல்லித்தரும் பழைய உத்தி. அந்த வரப்பில் நின்று பார்த்தால் காஸ்டர் தென்படும். நெட்டிலிங்க மரத்தில் பச்சைப் புள்ளிகளோடு டெய்ல்டு ஜே வரும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஜி.எஸ்.டி சாலை நடுவில் அரளி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். லாரிப் புகையில் குளித்துக்கொண்டு நிற்கும் அந்தச் செடியின் இலைக்கு அடியில் வெள்ளி முலாம் பூசிய மாதிரி பளபளவென்று ஒரு கூடு தொங்கினால், அது வெண்புள்ளிக் கருப்பனுடையது.

புளியமரத்துக்கும் ஒருவர் உண்டு. பிளாக் ராஜா என்ற கம்பீரமான பட்டாம்பூச்சியின் புழு புளிய இலை தின்னும். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் ஆனது என்பார்கள். நாற்கரச் சாலைக்காகச் சாலையோரப் புளியமரங்களை வெட்டியபோது, ஊர் பெயருக்குக் காரணமான மரத்தோடு அந்த ராஜாவின் அரண்மனைகளும் போயின.

அந்த முப்பது நாள்

இப்போது முக்கியமான பகுதி. உங்கள் எலுமிச்சைத் தொட்டியில் எலுமிச்சை அழகி வந்து வட்டமடித்துவிட்டுப் போனால், உடனே போய்க் கொழுந்து இலைகளைப் பாருங்கள். கடுகு அளவில் வெளிர்மஞ்சளாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். மூன்று, நான்கு நாளில் பொரியும். வருகிற புழுவைப் பார்த்து 'காக்கா எச்சம்' என்று துடைத்துவிடாதீர்கள். அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பழுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. எச்சத்தை எந்தப் பறவை தின்னும்?

நான்கு முறை தோலுரிக்கும். கடைசித் தோலில் பச்சையாக மாறிவிடும். இப்போது லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி பிரிந்த ஒரு கொம்பு சட்டென்று வெளியே வரும், கூடவே ஒரு நெடி. எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். ஒருமுறை பார்த்தால் போதும், ரீல்ஸுக்காகத் திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

இரண்டு, மூன்று வாரத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இடம் தேடும். செடியிலேயே இருக்கலாம், சுவருக்கும் போகலாம். வால் நுனியைப் பட்டுநூலால் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொள்ளும். மின்கம்பத்தில் லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்து நிற்பாரே, அந்த மாதிரி. பிறகு கடைசித் தோலையும் கழற்றினால் கூடு. பச்சை இடத்தில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் கூட்டின் நிறம் அமையும். வெந்தய வரியனுக்கு இந்த இடுப்பு நூல் கிடையாது, தலைகீழாகத் தொங்கும்.

பத்து நாள் போல எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே புழுவின் பெரும்பகுதி உடல் கரைந்து, முதலிலிருந்து வேறொரு உடல் கட்டப்படுகிறது. ஒருநாள் கூட்டின் தோல் கண்ணாடி போலாகி, உள்ளே சிறகின் நிறம் தெரியும். அன்று இரவே போனை ஸ்டாண்டில் வைத்து, சார்ஜ் போட்டு, டைம்லாப்ஸுக்குத் தயாராகுங்கள். பெரும்பாலும் மறுநாள் காலையில் கூடு வெடிக்கும். வெளியே வரும்போது சிறகு கசங்கிய ஈரத்துணி மாதிரி இருக்கும். தொங்கியபடியே உடம்பிலிருக்கும் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். சிவப்பாக ஒரு சொட்டு கீழே விழுந்தால் பதறாதீர்கள். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. 'பாவம், கஷ்டப்படுதே' என்று கூட்டைப் பிரித்துவிட்டால் அந்தச் சிறகு ஒழுங்காக விரியாமலே போகலாம். தொடாமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஒரே உதவி.

சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வராது, சின்னக் குளவிகள் வரும். புழுவாக இருந்தபோதே அதன் உடலுக்குள் முட்டை வைத்துவிட்ட ஒட்டுண்ணிகள் அவை. ஓணான், பல்லி, தையல்சிட்டு எல்லாம் வந்து போகும். வைத்த முட்டைகளில் பெரும்பாலானவை சிறகு முளைப்பதைப் பார்ப்பதில்லை. இதைத் தடுக்கிறேன் என்று எல்லாப் புழுக்களையும் ஒரே பெட்டியில் அடைத்து வளர்த்தால் நெரிசலில் நோய் பரவிச் சாகும். செடியிலேயே விட்டுவிடுங்கள்.

'ஆர்கானிக்' என்றாலும் சாகும்

இங்கேதான் மாடித்தோட்ட நண்பர்களோடு எனக்குச் சின்ன சண்டை. கெமிக்கல் மருந்து கூடாது என்பதில் எல்லோரும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது, தேனீக்களுக்காக. நம் உரக்கடையில் இமிடாகுளோபிரிட் பாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அது செடிக்குள்ளேயே ஊடுருவி இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் தங்கும். நர்சரியில் புள்ளியே இல்லாமல் பளபளக்கும் கறிவேப்பிலைக் கன்றை வாங்கினால், அது இப்படி மருந்து குடித்த கன்றாக இருக்கலாம். புதிதாக வரும் கொழுந்துகள் வரும்வரை கொஞ்ச மாதம் பொறுக்க வேண்டும்.

ஆனால் வேப்பெண்ணெய்? இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய் கரைசல்? 'பி.டி' என்று விற்கும் பாக்டீரியா பொடி? மனிதர்களுக்கு இவை பாதுகாப்பானவை என்பது சரி. புழுவுக்கு இல்லை. பி.டி பொடி குறிவைப்பதே பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி வகைப் புழுக்களைத்தான். காய்ப்புழுவுக்கு அடித்தாலும் அழகியின் புழுவும் சேர்ந்து சாகும். வேப்பெண்ணெய் புழுவைத் தோலுரிக்க விடாது. விஷமில்லாத தோட்டம் வேறு, பட்டாம்பூச்சித் தோட்டம் வேறு.

சின்னத் தொட்டி எலுமிச்சையை நாலு புழு சேர்ந்தால் மொட்டையடித்துவிடும் என்பதும் உண்மை. அதனால் இரண்டு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, இன்னொன்று அவர்களுக்கு. சமையல் செடியில் புழு வந்தால் இலையோடு கிள்ளி அடுத்ததில் வைத்துவிடலாம். வீட்டில் அம்மாவோடு வரும் சண்டைக்கு இதுவரை வேறு நல்ல தீர்வு கிடைக்கவில்லை.

பார்க் இருக்கு... உள்ளே என்ன இருக்கு?

பட்டாம்பூச்சிக்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்ரீரங்கம் அருகே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 25 ஏக்கரில் வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-ல் திறக்கப்பட்டது. 100-க்கும் அதிகமான வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. கார்டு லைனில் ரயில் ஏறினால் விழுப்புரத்திலிருந்து நேரே ஸ்ரீரங்கத்தில் இறங்கலாம். போய்வர வேண்டிய இடம். அங்கே பூக்களைவிட, எந்தச் செடியில் எந்தப் புழு என்று கவனித்துவிட்டு வாருங்கள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்துவது. நல்ல இலக்குதான். ஆனால் மரத்தை மட்டும் எண்ணும் கணக்கில் எருக்கும், ஆடுதின்னாப்பாளையும், பருப்புக்கீரையும் வராது. சொல்லப்போனால், மரக்கன்று நட இடத்தைச் 'சுத்தம்' செய்யும்போது போவதே இவைதான்.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-ல் தொடங்கியபோது அது செம்மண் அரித்தோடிய பொட்டல். முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு அகேசியா மரங்களை நட்டுத்தான் மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். அதோடு நிற்காமல், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் செடி, கொடி, மரங்களைத் தேடிக் கொண்டுவந்து வளர்த்தார்கள். எங்கிருந்து தேடினார்கள்? அய்யனார் கோயில் காடுகளிலிருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அதற்கு நல்ல உதாரணம். சாமிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காததால் பழைய காட்டின் ஒரு துண்டு அங்கே மிச்சமிருக்கிறது. சாமி கும்பிடப் போகும்போது அரை மணி நேரம் அதிகம் ஒதுக்கி, ஓரமாக நின்று மேலே பாருங்கள்.

நகரத்துக்குள் அப்படி ஒரு காடு சாத்தியமில்லை. ஆனால் இடம் இருக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியே தெரியும் பாதித் தரிசில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். ஒரு மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொதுவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கட்டட விதி. ஓ.எஸ்.ஆர் நிலம் என்பார்கள். பிளாட் விளம்பரத்தில் 'பார்க்' என்று பச்சை வர்ணம் அடித்திருக்குமே, அதுதான். பெரும்பாலும் அங்கே கொரியன் புல்லும், அலங்காரப் பனையும், இரண்டு ஊஞ்சலும் வரும். இல்லாவிட்டால் வேலி போட்டுப் பூட்டி வைப்பார்கள். வாங்கிய புல்லில் எந்த அழகிக்கும் சாப்பாடு கிடையாது.

அந்தப் பூங்காவில் ஒரு மூலையை, நாலு சென்ட் போதும், எருக்கு, ஆவாரை, கொன்றை, ஆடுதின்னாப்பாளை, ஒரு நெட்டிலிங்கம் என்று விட்டுவைக்க யாராவது கேட்க வேண்டும். களைக்கொல்லி அடிக்காமல் இருக்கவும் கேட்க வேண்டும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2022-லிருந்து நகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அதற்கான ஒரு நாள். ரோடு, சாக்கடை, தெருவிளக்குக்கு நடுவே பட்டாம்பூச்சி பற்றிப் பேசினால் சிலர் சிரிக்கலாம். பொதுவெளி நிலம் எங்கே, அதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற கேள்வியோடு சேர்த்துக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

போகும்போது கையில் ஆதாரம் இருந்தால் நல்லது. செப்டம்பர் மாதம் நாடு முழுக்க 'பிக் பட்டர்ஃபிளை மன்த்' என்று பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஒரு போட்டோ ஏற்றினால் இடமும் தேதியும் பதிவாகிவிடும், பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நீல வரியன்களும் கருப்பன்களும் கிழக்கு மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போகும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். நடவுக்கும் அதையடுத்து வரும் ஐப்பசி மழைதான் வசதி. எருக்குக்கு அதுகூட வேண்டாம். வெட்டாமல் விட்டாலே வந்துவிடும்.